முப்பது அடிக்குள்

மீன் குழம்புக்கு நான் புளி கொஞ்சம் தூக்கலாகத்தான் வைப்பேன். பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எதையும் ஒளித்து வைக்கிற ஆள் நான் இல்லை. நீங்கள் கேட்டீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

என் பெயர் வேம்புலியம்மாள். வீட்டுக்காரர் கோவிந்தன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் பவர் பிரஸ் ஓட்டினார். அந்த மிஷின் இரும்புத் தகட்டை ஒரு குத்து குத்தினால் பக்கத்துப் பட்டறையில் டீ தளும்பும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். பஞ்சு வைத்தால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது என்பார். கடைசியில் மேஸ்திரி கூப்பிட்டதும் கேட்கவில்லை, நான் கூப்பிட்டதும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இருபது வருஷம் அவருக்குக் காது நான்தான்.

யார் என்ன பேசினாலும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். என் வாயசைவு மட்டும் அவருக்கு அத்துப்படி. நான் கையை ஆட்டி, வாயை அகலத் திறந்து, சுருக்கமாகச் சொல்வேன். படிப்பு அவருக்கு பஸ் நம்பரோடு சரி, அதனால் எழுதிக் காட்டவும் வழியில்லை. ஊரில் பேசுகிற எல்லாவற்றையும் அப்படியே ஒரு மனுஷன் காதில் கொட்ட முடியுமா? அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி, வேண்டாததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தேன். சில நாள் கல் அதிகமாக இருக்கும்.

அவருக்கு ஒரே தங்கை, அருள்மொழி. கோவில்பதாகையில் வாழ்க்கைப்பட்டவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாள். "அண்ணாத்தே, தாய்மாமன் நீ வந்து நின்னாதான் பொண்ண மேடைக்குக் கூட்டிக்கினு வருவோம்" என்றாள். சாப்பிட்டாள். கை கழுவும்போது, "கொழம்பு நல்லாத்தான் கீது அண்ணி, புளி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். நான் சிரித்துக்கொண்டே ஆட்டோ வரைக்கும் போய் வழியனுப்பினேன். திரும்பி வந்ததும் அவர், "இன்னா சொல்லிச்சு?" என்று என் முகத்தைப் பார்த்தார். "காது கேக்காத ஆளு மேடையில நின்னா மாப்பிள்ள ஊட்டுக்காரங்க சிரிப்பாங்களாம். நீங்க ஊட்டோட இருந்துக்கினா போதுமாம்" என்றேன்.

கல்யாணத்தன்று அரை மணி நேரம் பெண்ணை மேடைக்கு அழைக்காமல் தாய்மாமனுக்காகக் காத்திருந்தார்களாம். ஒரு ஆட்டோவை அனுப்பினார்கள். அது எங்கள் வாசலில் பத்து நிமிஷம் ஹாரன் அடித்தது. அவர் உள்ளே கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாளிலிருந்து தங்கை பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவார். குடும்பத்தில் ஒரு சண்டையும் இல்லாமல் நிம்மதியாக இருந்தோம்.

இந்தத் தை மாதம் அந்த நிம்மதிக்கு வேட்டு வைத்தான் என் பிள்ளை உதயகுமார். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஆவடியில் காது மிஷின் வைக்கிற சுரேகா டாக்டரம்மாவிடம் அப்பாவைக் கூட்டிப் போய், ரெண்டு காதுக்கும் கொண்டைக்கடலை அளவில் ரெண்டு மிஷினை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். ப்ளூடூத் மிஷினாம். எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். ஒயரே கிடையாது. கிட்டக் கிட்ட இருக்கிற சாமான்கள் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொண்டு பேசிக்கொள்ளும். ஒரு தடவை ஜோடி சேர்த்துவிட்டால் போதும், பக்கத்தில் வந்ததும் தானாக ஒட்டிக்கொள்ளும். முப்பது அடிக்கு அப்பால் போனால் விட்டுவிடும்.

"நைனாகிட்ட கீறது பட்டன் போனு. அதாங்காட்டியும் மிஷினோட ஆப்ப உன் போன்ல ஏத்திட்டேம்மா. சத்தம் ஜாஸ்தின்னு சொன்னாருன்னா இந்தக் கோட்டக் கீழ இழு" என்றான். பிள்ளை எனக்கு வாங்கிக் கொடுத்ததிலேயே உருப்படியான சாமான் அது.

முதல் நாள் குக்கர் விசில் அடித்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். காக்காய் கத்தினால் சிரித்தார். என் கொலுசு சத்தத்தைக் கேட்டு, "இத்தினி நாளும் இத்தப் போட்டுக்கினா கீற?" என்றார். எனக்கே கண் கலங்கியது. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் காபியைக் கொடுக்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி, உதடு அசையாமல் அவரை நாலு வார்த்தை சொல்வேன். என்ன வார்த்தை என்று இங்கே வேண்டாம். இருபது வருஷத்துப் பழக்கம், ஒரே நாளில் விடுமா? அன்றைக்கும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா சொன்ன?" என்றார்.

அவசரத்துக்குத்தான் அந்தக் கோட்டைக் கீழே இழுத்தேன். "சக்கர போதுமான்னு கேட்டேன்" என்று வாயசைத்தேன். தலையாட்டினார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் எந்தத் திட்டமும் கிடையாது.

ஆனால் பயம் வந்துவிட்டது. என்னை விடுங்கள், அருள்மொழி ஒரு நாள் எதிரில் வந்து வாயைத் திறந்தால்? பதினோரு வருஷத்துக் கணக்கும் ஒரே நிமிஷத்தில் அவர் காதில் விழுந்துவிடும். அந்த வயதான மனுஷனுக்கு அந்த அதிர்ச்சி தேவையா? என்னால் முடிந்தவரை அவரைக் காப்பாற்றலாம் என்று முடிவு செய்தேன்.

தையல்காரரிடம் டேப் வாங்கி வீட்டை அளந்தேன். அடுப்படியிலிருந்து தெருக் கதவு வரை இருபத்தாறு அடி, பரவாயில்லை. பிரிட்ஜ் குறுக்கே இருந்தால் சிக்னல் விட்டு விட்டு வந்தது, அதைச் சுவரோரம் தள்ளினேன். சாயந்திரம் அவர் ஏரிக்கரையில் நடக்கப் போவார், நானும் சேர்ந்து போக ஆரம்பித்தேன். இந்த வயதிலும் என்ன ஒற்றுமை என்று எல்லாரும் சொன்னார்கள். முப்பது அடியைத் தாண்டாமல் அவர் பின்னால் நடப்பது லேசான காரியமில்லை. எனக்கு மூட்டு வலி.

அங்கே ஜெயராமன் என்று ஒருவர். பட்டறையில் கூட வேலை செய்தவர், அருள்மொழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தவர். பெஞ்சில் உட்கார்ந்ததும், "கோயிந்தா, அன்னிக்கு உனுக்காக எவ்ளோ நேரம்..." என்று ஆரம்பிப்பார். நான் கோட்டை இழுப்பேன். ஒரு சிக்கல் என்னவென்றால், தண்ணீர் இந்த சிக்னலை விழுங்கிவிடுமாம். மனுஷ உடம்பு முக்கால்வாசி தண்ணீர் என்று உதயகுமார் சொன்னான், ஜெயராமன் உடம்பில் அதற்குப் பஞ்சமே இல்லை. அவர் நடுவில் உட்கார்ந்தால் என் போன் மிஷினைத் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் நான் ஏரிப் பக்கமாகச் சுற்றிப் போய், கம்பியோரம் நின்று தண்ணீரைப் பார்க்கிற மாதிரி பார்ப்பேன்.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. சத்தம் கூடிக் குறையும்போதெல்லாம் மிஷின் அவர் காதில் டிங் என்று ஒரு மணி அடித்தது. "கோயில்ல கீற மாதிரி கீது" என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். சுரேகா டாக்டரம்மாவிடம் போய், மணிச் சத்தத்தில் அவருக்குத் தூக்கமே இல்லை என்றேன். பாவம், அவர்களே அதை நிறுத்திக் கொடுத்தார்கள்.

ஜெயராமனுக்கு மட்டும் குறைத்தால் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வரும், அது ஓர வஞ்சனையும்கூட. ஆகவே பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், போனில் பேசும் உதயகுமார், எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைத்தேன். நான் பேசும்போது மட்டும் முழுசாக ஏற்றுவேன். ஒரு மாதத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேம்பு, மிஷினு போட்டும் உன் கொரலு ஒண்ணுதான் எனுக்குக் கேக்குது" என்றார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அன்றைக்கு நான் சந்தோஷத்தில் சாப்பிடவே இல்லை.

பூந்தமல்லி ரோட்டில் நடந்ததைப் பெரிதுபடுத்துகிறார்கள். ஜெயராமன் பேசிக்கொண்டே கூட வந்ததால் சத்தம் பூஜ்யத்தில் இருந்தது. தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, வீட்டுக்காரர் பாட்டுக்கு ரோட்டில் இறங்கிவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தது யார்? நான்தான். முப்பது அடி பின்னால் நடக்க வேண்டியவள் அன்றைக்கு ரெண்டடியில் வந்துகொண்டிருந்தேன், அதுவும் நல்லதற்குத்தான். காலரோடு நாலு பட்டன் போனது, உயிர் மிஞ்சியது. அதை யாரும் சொல்வதில்லை.

பங்குனியில் அருள்மொழி வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம். மகள் வயிற்றுப் பேரனுக்குக் காது குத்துகிறார்கள். அருள்மொழிக்கு ஆண்பிள்ளை கிடையாது, அதனால் தாய்மாமன் முறைக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அண்ணன்தான் வர வேண்டும். இவர் எழுந்து போகவில்லை. வயசானதாலோ என்னவோ, அவள் எதிரிலேயே உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் முந்தானைக்குள் போனை வைத்துக்கொண்டு கோட்டை அடிவரைக்கும் இழுத்தேன்.

"அன்னிக்குத்தான் வரல, இன்னா கோவமோ எனுக்குத் தெர்ல. இத்துக்காவது வா அண்ணாத்தே. உன் மடியில உக்காரலன்னா அந்தக் காத நான் குத்தவே உடமாட்டேன்" என்று அவள் ஓவென்று அழுதாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"வேற ஆளு கெடச்சிட்சாம். ஒரு மரியாதைக்கு சொல்லிட்டுப் போலாம்னு வந்துச்சாம்" என்று அவள் முதுகுக்குப் பின்னால் வாயசைத்தேன்.

"அத்துக்கு எதுக்கு அழுவுது?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல வேளை, அழுகையில் அவள் காதில் அது விழவில்லை. "உங்க காது நெலமையப் பாத்து" என்று வாயசைத்தேன். ஒரு நிமிஷம் அசந்ததில் வாயில் வந்தது அது.

அவள் போனதும் அவர் சட்டையை மாட்டினார். "கூடப் பொறந்தது அழுவுறதுகூட கேக்காம இன்னா மிஷினு இது? வா, டாக்டராண்ட காட்டலாம்" என்றார். பத்து நாள் தள்ளிப் போடப் பார்த்தேன். மறுநாளே ஷேர் ஆட்டோ பிடித்துவிட்டார்.

சுரேகா டாக்டரம்மா மிஷினை அவர் காதிலேயே விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்தார்கள். அவரை வெளியே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்துதான் இருந்தது. நான் வழக்கம்போல மடியில் போனை வைத்துக் கோட்டைக் கீழே இழுத்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எப்போதும் கொஞ்சம் சுற்றும், அப்புறம் ஒட்டிக்கொள்ளும்.

"மிஷின்ல கோளாறு எதுவும் இல்லம்மா. ஆனா ஒரு நாளைக்கு எழுபது தடவ சத்தம் பூஜ்யத்துக்குப் போயிருக்கு. வீட்ல பசங்க யாராவது உங்க போன எடுத்து வெளையாடறாங்களா?" என்றார்கள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மூட்டு வலியோடு ரெண்டு மாதம் ஏரியைச் சுற்றிய பாட்டை எந்தப் பிள்ளை மேலோ போட எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். புளியில் ஆரம்பித்து, ஆட்டோ ஹாரன், லாரி, முந்தின நாள் அருள்மொழி அழுதது, எதையும் விடவில்லை. எல்லாம் அவர் நல்லதுக்குத்தான் என்றும் சொன்னேன். நான் முடித்தபோது டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் செக் பண்ணும்போது மிஷின் என் கம்ப்யூட்டரோட கனெக்ட் ஆயிடும்மா. உங்க போன்ல நீங்க என்ன பண்ணாலும் அதுக்குப் போகாது" என்று மெதுவாகச் சொன்னார்கள்.

அவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. உள்ளே வந்து என் மடியிலிருந்து போனை எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தார். "இத்துலேர்ந்து என் காத எடுத்துடும்மா" என்றார். டாக்டரம்மா எதையோ அழுத்தினார்கள். இந்த மிஷினை மறந்துவிடட்டுமா என்று போன் ஒரு கேள்வி கேட்டது, ஆமாம் என்று தொட்டார்கள். அத்தோடு சரி.

பிறகு அவர் பேசினார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஞாயித்துக்கெழம கொழந்தைய மடியில வச்சிக்கணும். நான் என் தங்கச்சி ஊட்டுக்குப் போறேன். இனிமே அங்கதான். என்னத் தேடிக்கினு வராத."

டாக்டரம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பாவம், புரியவில்லை போலிருக்கிறது. "இன்னா சொல்றாருன்னா டாக்டரம்மா," என்று நான்தான் விளக்கினேன், "காதுகுத்த முடிச்சிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடறேன்னு சொல்றாரு."

இப்போது ஆடி மாதம். தினமும் அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் அவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டது நான் ஒருத்திதானே.