அந்த ஒரு வார்னிங்

இல்ல ஆன்டி, வேலைய நானா விடல. போகச் சொல்லிட்டாங்க. இந்தப் பெட்டியில என் கப்பு, ஸ்வெட்டர், அவ்வளவுதான். நீங்க தள்ளி உக்காருங்க, கிள்ளான் போறவரைக்கும் இந்த பஸ் இப்படித்தான் ஆடும்.

கம்ப்யூட்டர் வேலை. டைப்பிங் இல்ல ஆன்டி. இந்தத் தொண்ணூத்தஞ்சாம் வருஷத்துலயும் எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. போர்ட் கிள்ளான் குடோன்ல பெட்டி தூக்கி அடுக்கற மிஷின் இருக்குல்ல, அதோட கம்ப்யூட்டருக்கு அடியில ஓடற புரோகிராம். கெர்னல்னு சொல்வாங்க. மத்ததெல்லாம் அது மேலதான் நிக்கும். பழசு மெதுவா இருக்குன்னு, பிரிச்சு மாத்தி எழுதற வேலைய எனக்குக் குடுத்தாங்க.

அதுல பூட்டுன்னு ஒண்ணு வரும். ஒரு சாமான ஒரு நேரத்துல ஒருத்தர்தான் தொடலாம். இப்ப நீங்க கத்திய வெச்சுக்கிட்டு பலகைக்குக் காத்திருக்கீங்க, உங்க மருமக பலகைய வெச்சுக்கிட்டு கத்திக்குக் காத்திருக்கா. ரெண்டு பேரும் விட மாட்டீங்க. சமையல் நின்னுரும்ல? சிரிங்க, பரவால்ல. ஆனா மிஷின்ல மூளைதான் நிக்கும். கை கடைசியா சொன்னதச் செஞ்சுக்கிட்டே இருக்கும்.

நாம எழுதினத ஓட்டாமலே படிச்சு, இங்க இப்படி மாட்டிக்கும்னு வார்னிங் குடுக்க ஒரு புரோகிராம் இருக்கு. வார்னிங் கொட்டுச்சு. பாதி சும்மா. ஒவ்வொண்ணா உக்காந்து சரி பண்ணேன். கடைசியில ஒண்ணு, அது நிஜம். அதச் சரி பண்ண நெறைய மறுபடி எழுதணும். மேனேஜர் ராதாகிருஷ்ணன்கிட்ட டைம் கேட்டேன். கஸ்டமர் வரான் புனிதவதி, டெஸ்ட்ல ஒரு தடவகூட மாட்டலயேன்னாரு. மாட்டற அன்னைக்கு மாட்டும்னேன். உனக்கு எல்லாத்துக்கும் பயம்லான்னாரு. நான் லீவுல இருந்தப்ப, அந்த வார்னிங்கக் காட்டாதேன்னு ஒரு வரி சேத்து கஸ்டமருக்கு அனுப்பிட்டாரு. அவருக்கு ப்ரமோஷனும் வந்துச்சு.

அப்புறம் என்ன. வேலாயுதம்னு ஒருத்தர், குடோன் ஆளு. ஸ்டாப் பட்டன அமுக்கிட்டு, சாஞ்ச பெட்டிய நிமித்த உள்ள போயிருக்காரு. மிஷின் கேக்கல. கை இறங்கிருச்சு. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்க யூனியன்லேர்ந்து வரீங்களான்னு கேட்டாரு. பழத்த வெச்சுட்டு வந்துட்டேன்.

இன்னைக்கு விசாரணை. யாரு எழுதினதுன்னு டைரக்டர் கேட்டாரு. புனிதவதிதான், அவங்க கொஞ்சம் அவசரப்படுவாங்க, நான் முழுசா பாக்கலன்னு ராதாகிருஷ்ணன் சொல்லிட்டாரு. மேசையப் பாத்துக்கிட்டே. அவங்களாம். நடந்தத நான் சொன்னேன், யாரு கேக்கறா?

அழுதேனா? இல்ல. வேலாயுதம் கேஸ் போட்டிருக்காரு. இப்ப அவரு லாயர் ஆபீசுக்குத்தான் போறேன், சாட்சி சொல்றேன்னு எழுதிக் குடுக்க.

அந்த மேனேஜர் மூஞ்சிலயே முழிக்கக் கூடாதுங்கறீங்களா? எப்படி ஆன்டி. காலையில மீன் கறி வெச்சு மூடிட்டு வந்திருக்கேன். எனக்கு முன்னாடி வந்துட்டா, சோறு மட்டும் அவரு வெச்சுக்கணும்.

ஆமா, என் வீட்டுக்காரர்தான்.