முன்வரிசை விருந்தாளி

"நாலு பேர் சேர்ந்து வயலினை அழ வைப்பினமாம். செத்த வீட்டுக்கோ என்னைக் கூப்பிடுகினம், அல்பேர்ட் அண்ணை?"

"கோட்டைப் போடும். அங்க இருந்து கொட்டாவி மட்டும் விடாதையும்."

ஸ்ரனிஸ்லாஸும் நானும் சிரித்துப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான், சுவாமி. 1986 ஒக்டோபர், ஒரு வெள்ளிக்கிழமை. அவனுக்குப் பேசி வைத்திருந்த கொறற்றி கதவோரம் நின்று சிரித்தாள். அவன் கோட்டுக்குப் பொத்தான் பூட்டிவிட்டது நான். உதவி செய்யவே பிறந்தவன் நான். அகதி விடுதியில் யாரையும் கேட்டுப்பாருங்கள்.

அங்கே ஜேர்மன் வாசிக்கத் தெரிந்த தமிழன் நான் ஒருவன். அதனால் தமிழாட்களின் கடிதங்களையெல்லாம் காவலாளி என்னிடம்தான் தருவார். நான் பிரித்து வாசித்து, உரியவருக்குப் பொருள் சொல்லிக் கொடுப்பேன். அந்தக் கிழமை ஸ்ரனிஸ்லாஸுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன.

ஒன்று, ஊர் இசைச் சங்கத் தலைவி எழுதியது. போலந்து, பிரித்தானிய இசையமைப்பாளர்களைக் கொண்டாடும் கச்சேரி. விடுதிப் பட்டியலில் ஸ்ரனிஸ்லாஸ் என்ற பெயரைக் கண்டதும், நாடிழந்த போலந்துக்காரன் ஒருவன் என்று அந்த அம்மா உருகிவிட்டார். மன்னாரில் பிள்ளைக்குப் புனிதர் பெயர் வைப்போம் என்று அவருக்கு யார் சொல்வது? முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்.

மற்றது, ஒரு வருடமாக அவன் காத்திருந்த ரெர்மின், தவணைக் கடிதம். அகதி விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதே வெள்ளி, அதே மூன்று மணி, ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம்.

ஒரு மனிதனை ஏன் குழப்புவது என்று முதலாவதை மட்டும் கொடுத்தேன்.

கச்சேரிக்கு நானும் போனேன். கறுத்த போலந்துக்காரனைக் கண்டு தலைவி ஒரு கணம் திகைத்தார். பிறகு கை கொடுத்தார். நல்ல மனுசி. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. போலந்தின் துக்கம் ஓய்ந்ததும் இங்கிலாந்தின் தூறல் தொடங்கியது. நடுவில் தலைவி எழுந்து, இசைக்கு எல்லையும் இல்லை, விசாவும் தேவையில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்ரனிஸ்லாஸ்தான் பலமாகத் தட்டினான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்றே முக்கால்.

விசாரணைக்கு வராதவனின் மனுவைத் தள்ளினார்கள். அந்தக் கடிதத்துக்கும் முறையாகப் பொருள் சொன்னேன்.

"நான் என்ன பிழை விட்டனான், அண்ணை?"

"நீர் ஒரு பிழையும் விடேல்லை."

எனக்குப் பொய் சொல்லப் பிடிக்காது, சுவாமி. மாசியில் அவனை விமானம் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியவனை அங்கேயே பிடித்து உள்ளே போட்டார்கள்.

சிறையிலிருந்து கொறற்றிக்கு எழுதுகிறான். அவளும் எங்கள் விடுதி என்பதால் அவையும் என் கைக்குத்தான் வருகின்றன. தமிழில் எழுதுவதால் பொருள் சொல்ல ஒன்றுமில்லை; ஆகவே கொடுப்பதில்லை. போன கிழமையும் ஒன்று வந்தது. சுகமாக இருக்கிறானாம், அடுத்த வருடம் விட்டுவிடுவார்களாம்.

இரண்டு வருடமாக அவளுக்கு ஆறுதல் சொல்வது நான்தான். "அவர் இருக்கிறார் எண்டு மனம் சொல்லுது, அல்பேர்ட் அண்ணை," என்கிறாள். அந்த 'அண்ணை'யைத் தவிர அவளிடம் எல்லாமே எனக்குப் பிடிக்கும். அவள் இப்படிக் காத்திருந்து வாடுவதைப் பார்க்க என் மனம் பொறுக்கவில்லை. நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்கள் பீடத்தில் நின்று சொன்னால் நம்புவாள்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நீங்கள் வெளியே சொல்லமுடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு காலமும் நெஞ்சில் வைத்திருந்ததை இங்கே கேட்கிறேன், சுவாமி: வருகிற ஞாயிறு, கொறற்றி முன்வரிசை வாங்கில் இருக்கும்போது, ஸ்ரனிஸ்லாஸின் ஆத்துமா இளைப்பாற ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள்.