தாண்டவும் திரும்பவும் இடம் தந்தவருக்கு

வெயிலுக்கு வாடாத முகமே! விசிலுக்கு வாய்த்த மூச்சே! ஓடத் தெரியாதவரை ஓடவைத்து, ஓடத் தெரிந்தவரை நிற்கவும் பழக்கிய எங்கள் உடற்கல்வி ஆசிரியையே! முப்பத்தோராண்டு மைதானத்து மண்ணை மிதித்து, அதில் பாதியைக் காலணியோடு ஆசிரியர் அறைக்குள் கொண்டுவந்து கொட்டி, இன்று பணி ஓய்வு பெறும் பெருந்தகையே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் நெளிவீர்கள் என்பதை அறிவோம். இரண்டாம் பத்தி முடிவதற்குள் தண்ணீர் குடிக்கும் சாக்கில் நழுவியும் விடுவீர்கள். ஆகவே இங்கிருந்து 'அவர்' என்றே சொல்லப்போகிறோம். யாரோ ஒரு டீச்சரின் கதை என்று எண்ணி, நாற்காலியை விட்டு எழாமல் கேட்டருள்க.

அவர் வருவதற்கு முன் எங்கள் மைதானத்தில் பத்துப் பேர் ஆடுவார்கள், மீதிப் பேர் அவர்களுடைய செருப்புக்குக் காவல் இருப்பார்கள். வந்த முதல் வாரமே அந்தக் காவல் வேலையை அவர் ஒழித்துக்கட்டினார். கண்ணாடி போட்டவர், குண்டானவர், கூச்சப்படுபவர் என்று ஒருவருக்கும் விலக்கு இல்லை. "விழுந்தா மண்ணுதானே, தட்டிவிட்டுட்டு வா!" என்பதுதான் அவருடைய பாடத்திட்டம் முழுவதும். கனிவும் கண்டிப்பும் அவரிடம் ஒரே குரலில் வந்ததால், திட்டுகிறாரா கொஞ்சுகிறாரா என்று பிள்ளைகளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அப்படி எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நீளம் தாண்டவிட்ட ஒரு நாளில்தான், ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து, மணற்குழியைத் தாண்டி அப்பால் புல்லில் போய் விழுந்தாள். எழுந்தவள் மிரண்டுபோய், "டீச்சர், மண்ணுல விழாம தாண்டிட்டேன். தப்பா?" என்று கேட்டாள். அன்றே அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர் விழுந்தது.

அவ்வளவுதான், ஆசிரியர் அறை இரண்டுபட்டது. அப்போதைய தலைமையாசிரியர், "நம்ம பள்ளிக்கூடத்துல இருந்து ஒலிம்பிக்ஸுக்கு ஒருத்தி!" என்று தரையில் கால் பாவாமல் நடந்தார். இயற்பியல் ஆசிரியரோ, "பதக்கம் வாங்கறதுக்கா சார் பிள்ளைங்களை இங்க அனுப்புறாங்க? படிக்க வைக்கறது மட்டும்தான் நம்ம வேலை" என்று மேசையைத் தட்டினார். நம் டீச்சர் இருவரையும் பேசவிட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "எல்லாரையும் தாண்டவிட்டாத்தான் யாருக்கு அந்தக் கால் இருக்குன்னு தெரியும். அது பள்ளிக்கூடத்து வேலை. தெரிஞ்சப்புறம், கோப்பைக்காக நம்ம கையிலயே வச்சிக்கிட்டா அது பாவம் சார்."

பாவம் என்ற சொல் தலைமையாசிரியருக்கு உறைக்கவில்லை. ஒட்டுமொத்தக் கோப்பை என்று ஒன்று உண்டல்லவா? அதற்காக நன்றாக ஓடும் ஒரே பிள்ளையை ஐந்து போட்டிகளில் இறக்கி, அதன் முழங்காலைப் பதம் பார்ப்பது பள்ளிக்கூடங்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. டீச்சர் அவளை ஒன்றில் மட்டும் இறக்கினார். கோப்பை பக்கத்துப் பள்ளிக்குப் போயிற்று. தலைமையாசிரியர் ஒரு பருவம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு வெளியூர்ப் பயிற்சி மையம் ஒன்று வெட்டுக்கிளியைத் தேர்ந்தெடுத்தது. அங்கேயே தங்கவேண்டும். தையல்காரரான அவளுடைய அப்பா வாசலிலேயே டீச்சரை மறித்தார்.

"சரி டீச்சர், போறா. அங்க முடியாமப் போச்சுன்னா? படிப்பும் இல்லாம, பதக்கமும் இல்லாம என் பொண்ணு நடுவுல நிப்பாளே, அதுக்கு யாருங்க பொறுப்பு?"

"நான்தான்" என்றார் டீச்சர்.

சொன்னதோடு நிற்காமல் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய், எப்போது திரும்பினாலும் அவளுக்கு வகுப்பில் இடம் வேண்டும் என்று கேட்டார். "இது பள்ளிக்கூடமா, பஸ்ஸா? துண்டு போட்டு இடம் பிடிக்க வந்துட்டீங்க?" என்று தலைமையாசிரியர் சீறினார். "ஆமா சார், துண்டுதான் போடுறேன்" என்று சொல்லி, வாக்கு வாங்காமல் டீச்சர் நகரவில்லை. மாதாமாதம் எங்களிடம் பாடக் குறிப்புகளைக் கறந்து அனுப்பியும் வைத்தார். முணுமுணுத்துக்கொண்டே மிக விரிவாக எழுதித் தந்தவர் இயற்பியல் ஆசிரியர்.

வெட்டுக்கிளி ஒலிம்பிக்ஸுக்குப் போகவில்லை. தேசிய அணித் தேர்வில் ஒரு சாண் குறைந்துவிட்டது. அடுத்த ஆண்டும் அப்படியே. ஒருநாள் காலையில் பையோடு பள்ளி வாசலில் வந்து நின்றாள். "சாப்ட்டியா?" என்பதற்கு மேல் டீச்சர் எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்து வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

தன்னைவிடச் சிறியவர்களோடு அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். விளையாட்டு வேளையில் படிக்கட்டை விட்டு இறங்கமாட்டாள். ஒருவரையும் சும்மா உட்காரவிடாத டீச்சர் அவளை மட்டும் விட்டுவிட்டார். ஆனால் அந்த மாதங்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள், "அனுப்புனது தப்போ?" என்று இயற்பியல் ஆசிரியரிடமே கேட்டுவிட்டார். நான் அப்போதே சொன்னேனே என்று மார்தட்டியிருக்கலாம் அந்த மனிதர். அவரோ எழுந்துபோய் ஒரு தேநீர் வாங்கிவந்து டீச்சர்முன் வைத்தார்.

ஒரு மழை ஓய்ந்த மதியம் வெட்டுக்கிளி தானாகவே படிக்கட்டிலிருந்து இறங்கி, சின்னப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள். அவள் முறை வந்தது. ஓடிவந்து தாண்டினாள், ஈரமணலில் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தாள், விழுந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எவ்வளவு தூரம் என்று யாரும் அளக்கவில்லை. டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து அழுதார். ஒவ்வொரு விம்மலுக்கும் அது கீச், கீச் என்றது. வகுப்பு முடிந்துவிட்டதாக நினைத்துப் பிள்ளைகள் சமர்த்தாகக் கலைந்து போனார்கள். அவள் மட்டும் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, இன்னொரு முறை தாண்டலாமா என்று கேட்டாள்.

கதை முடிந்தது அம்மையீர்! இனித் தாங்களே. அவள் படித்துத் தேறி இன்று மருந்தாளுநராக இருக்கிறாள். அதைவிட, ஆசையோடு ஒன்றை முயன்று, தோற்று, தோற்றவள் என்ற சொல் கேட்காமல் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் எதற்கு என்ற எங்கள் நெடுநாள் வழக்கு அத்தோடு தீர்ந்தது.

தங்கள் முழங்கால் வலி தணிக! உண்ணும் உணவு செரிக்க, உறங்கும் உறக்கம் நிறைக, உடல்நலமும் உள்ளநலமும் ஓங்கிப் பல்லாண்டு வாழ்க!

இப்போது ஒன்பதாம் வகுப்பில் நீச்சல்காரன் ஒருவன் இருப்பதும், அவன் அம்மா நேற்று அதே கேள்வியோடு வந்ததும் தங்களுக்குத் தெரியாது. தங்களைத் தேடித்தான் வந்தார். "மேடத்தை விடுங்கம்மா, அவங்க வீட்டுக்குப் போகட்டும். போய்ட்டு வரட்டும் உங்க பையன், நாங்க இருக்கோம்" என்று இயற்பியல் ஆசிரியர் சொல்லி அனுப்பிவிட்டார்.

நிம்மதியாகப் போய்வாருங்கள்.

அன்பிலும் நன்றியிலும் குறையாத
ஆசிரியர்கள், அலுவலர்கள்