கறுப்புத் தாளின் முதுகு

அவைத் தலைமையேற்ற கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்னே சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல்களுக்குரிய மூத்தோர்களே, பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு வாசலையே பார்த்திருந்த தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் தனியே அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஓய்வு பெறும் நாளில் புகழுரை கேட்டுப் பூரிப்பது வழக்கம். எனக்கோ ஒரு பிழையுரை பாக்கி இருக்கிறது.

என் ஆய்வகத்தில் மின்சாரம் கடத்தும் கறுப்புத் தாள் ஒன்று உண்டு. அதன்மேல் வெள்ளி மையால் இரண்டு புள்ளிகள் இட்டு, பேட்டரியை இணைப்போம். மீட்டரின் முனையால் தொட்டுத் தொட்டு, ஒரே அழுத்தம் காட்டும் இடங்களைக் கோத்தால் அது சமமின்னழுத்தக் கோடு. மின்விசையின் திசையைக் காட்டும் மின்புலக் கோடு அதை எங்கே வெட்டினாலும் செங்குத்தாகத்தான் வெட்டும். ஏன்? சமக்கோட்டின் வழியே மின்னூட்டத்தை எத்தனை தூரம் நகர்த்தினாலும் செய்யும் வேலை பூஜ்யம். அந்தத் திசையில் விசை துளியும் கிடையாது, விசையெல்லாம் குறுக்கேதான்.

பின்வரிசையில் என் பழைய மாணவர்கள் சிரிக்கிறீர்கள். தெரியும் ஐயா உங்கள் தில்லுமுல்லு! புத்தகப் படத்தை முதலில் வரைந்தீர்கள். அளவீடுகளை அப்புறம் இட்டு நிரப்பினீர்கள். நானும் முழு மதிப்பெண் போட்டேன்.

ஒருத்தி மட்டும் அப்படிச் செய்யவில்லை. அவள் வரைந்த கோடுகள் ஓரிடத்தில் எதையோ சுற்றிக்கொண்டு விலகின. இது என்ன கோணல் என்று கேட்டேன்.

"மீட்டர் அப்படித்தான் சார் காட்டுது. மூணு தடவை பார்த்துட்டேன்."

நான் மீண்டும் அளந்தேனா? தாளையாவது தொட்டேனா? அவளுடைய ஆய்வக ஏட்டின் குறுக்கே சிவப்பு மையால் 'பொய் அளவீடு' என்று எழுதி, நாற்பது பேர் முன்னால் படித்தும் காட்டினேன். ஏட்டை என் மேசையிலேயே விட்டுப் போனவள், மறுவாரம் இயற்பியலையும் விட்டுப் போனாள்.

பருவ முடிவில் அலமாரியை ஒழிக்கும்போது அவள் அளந்த அந்தக் கறுப்புத் தாளைத் திருப்பினேன். முதுகில் காசளவு வெள்ளி மைத் திட்டு. இட்டது யார்? நான். தூரிகையில் மை இறங்குகிறதா என்று தாளின் பின்பக்கம் தேய்த்துப் பார்ப்பது என் பழக்கம். தாள் தன் தடிமன் முழுக்கக் கடத்தும், வெள்ளியோ அதைவிட நன்றாகக் கடத்தும்; அதனால் திட்டு முழுவதும் ஒரே அழுத்தம். சமக்கோடுகள் அதைச் சுற்றி ஒதுங்கும், புலக்கோடுகள் வளைந்து வந்து அதைச் செங்குத்தாகத் தொடும். புத்தகம் அறியாததை அவள் மீட்டர் அறிந்திருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நான் தாளின் முதுகைக்கூடப் பார்க்கவில்லை.

அன்றே அவள் வீட்டுப் படியேறியிருக்கலாம். கௌரவம் தடுத்தது. பதினோரு ஆண்டுகள் சமக்கோட்டிலேயே நடந்தேன், அவையோரே! சிரமமில்லாத நடை. குறுக்கே ஓர் அடி வைக்கத்தான் வலு வேண்டியிருந்தது. அது என்னிடம் இல்லை.

போன வாரம்தான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்:

"அதுக்கப்புறம் என் கண்ணால பார்த்ததையே நான் நம்புறதில்ல சார்."

இந்த விழாவுக்கு வரமாட்டேன் என்றாள். தன் அம்மாவை அனுப்பியிருக்கிறாள்.

அம்மா, இந்த ஏட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, 'அளவீடு சரி. பிழை ஆசிரியருடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம்.

என் பிழைக்கும் செவிகொடுத்த அவைக்கு நன்றி. ஏட்டுக்கு உரியவளுக்கு, அவள் இல்லாத இந்த மேடையிலிருந்து, என் வணக்கம்.