கோடாலிக்குப் புதுக் காம்பு

— ஆணி அடிக்காதீங்கன்னு எத்தனை மட்டம் சொல்லியாச்சு? இப்ப பாருங்க, காம்பு வாயைப் பொளந்துட்டு நிக்கி.

— நாலு ஆணி அடிச்சும் தலை ஆடுதுன்னா அது கோடாலியோட குத்தம், கிருபா. என் குத்தமில்ல.

— நேத்து வாளித் தண்ணியில ஊறப் போட்டீங்க. 'ஏட்டி, கல்லு மாதிரி இறுகிட்டு'ன்னு தெருவே கேக்கச் சத்தம் போட்டீங்க. வெயில்ல காஞ்சதும் என்ன ஆச்சு? மொத வீச்சுல தலை கழண்டு பறந்து குல்கர்ணி வீட்டுத் துளசித் தொட்டியில போய் விழுந்துச்சு.

— ஓரமாத்தான ஒடஞ்சது.

— அந்தம்மா என்னைய வாசல்ல பாத்தா வானத்தைப் பாக்கா.

— விடு, விடு. புதுத் தொட்டி வாங்கிக் குடுத்திருவோம். நீ அந்தச் சுத்தியலை எடு.

— எடுக்க மாட்டேன். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டாரே, 'ஜோசப்ராஜ்ஜி, தண்ணி வாளிகூடத் தூக்காதீங்க'ன்னு. நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள மரம் பொளக்கப் போறாராம்.

— நாளைக்கு அசனம்டி. சபை மொத்தமும் உக்காந்து சாப்பிடணும். கமிட்டியில எல்லாரும் கேஸ் அடுப்பு போதும்னாங்க. நான்தான் எந்திரிச்சு, 'அசனத்துக் குழம்பு விறகுலதான் கொதிக்கணும், சர்ச் காம்பவுண்டுல விழுந்து கெடக்க வேல மரத்தைப் பூரா நான் பொளந்து தாரேன்'னு சொன்னேன். இப்ப போய் முடியலைன்னா, கேஸ் அடுப்புக்கு மொதல்ல கை தூக்கின அந்த மெர்வின் சிரிப்பான்.

— சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க செத்துப் போனா சிரிக்க மாட்டான். வந்தவங்களுக்கு அதே கேஸ் அடுப்புல காபி போட்டுக் குடுப்பான்.

— வாயைக் கழுவுட்டி!

— ம்ம். சரி, ஒங்ககிட்டப் பேசி என்ன ஆவப் போவுது? அந்த ஒடஞ்ச காம்பைத் தூக்கிப் போடுங்க. ரவிவார் பேட்டைக் கடைத்தெருவுல புதுசு வாங்கினீங்களே, அது எங்க?

— இந்தா. கடைக்காரன் 'ஏக்தம் பக்கா', ஒடையவே ஒடையாதுன்னு சொல்லிக் குடுத்தான்.

— கர்த்தாவே, என் தோளுக்கு நிக்கி! வேலி நடவா வாங்கினீங்க? அறுங்க. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு சாண்.

— ஏட்டி, எனக்குக் குட்டையாப் போகும். குனிஞ்சுல்லா வெட்டணும்?

— நீளம் கூடினா வீச்சு கைக்கு அடங்காது. அறுங்கன்னா அறுங்க.

— அறுத்தாச்சு. போதுமா மகாராணி?

— நுனியைச் சீவுங்க. கொஞ்சங் கொஞ்சமா. தலை இறுக்கிப் பிடிக்கணும். தொளதொளன்னு சீவிட்டு அப்புறம் செருப்பு ரப்பரைத் திணிக்கப்படாது.

— அதையும் பாத்துட்டியா?

— ஒத்தைச் செருப்போட பாத்ரூமுக்குப் போறது நானு. பாக்காம என்ன செய்ய? இப்ப நுனி நடுவுல ரம்பத்தால ஒரு கீறு போடுங்க, நல்ல ஆழமா. ஆப்பு அதுக்குள்ளதான் இறங்கணும். ஆப்புக்கு இந்த ஒடஞ்ச சப்பாத்திக் கட்டையைச் சீவிக்கோங்க. காஞ்ச மரம்.

— தலையை மாட்டிட்டேன். பாதிக்கு மேல ஏற மாட்டேங்கு. தலையிலயே ஒரு போடு போடட்டா?

— தலையில அடிக்கப்படாது. தலை கீழ பாத்துத் தொங்கட்டும், நீங்க காம்போட மறுமுனையில மேல இருந்து தட்டுங்க.

— அப்படித் தட்டினா தலை கீழதான விழும்?

— விழாது. தட்டுங்க. மெதுவா! மூச்சு வாங்குனா நிறுத்திரணும்.

— ஏ... ஏறுதுட்டி! தானா மேல ஏறுது!

— கல்யாணம் ஆன நாள்ல இருந்து இன்னைக்குத்தான் என் பேச்சு ஒண்ணு கேட்டிருக்கீங்க. இப்ப ஆப்பை இறக்குங்க. சத்தம் பாத்து, குல்கர்ணி வீட்டுப் பெரியவர் மத்தியானத் தூக்கம் போடுத நேரம். இன்னொரு தட்டு. போதும். துருத்திட்டு நிக்கதை அறுத்துருங்க.

— குலுக்கிப் பாரு கிருபா. இம்மி அசையல. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து நெஞ்சு நெஞ்சுன்னு உயிரை எடுத்த. இப்படி ஒத்தாசையா நிப்பன்னு நான் நெனைக்கவே இல்ல. சரி குடு, கெளம்புதேன். பாஸ்டர் காத்துக்கிட்டு இருப்பாரு.

— இருக்காரு. எனக்காகத்தான். விறகு நான் பொளக்கேன்னு காலையிலேயே போன் போட்டுச் சொல்லிட்டேன்.

— என்னது! உனக்குக் கோடாலி பிடிக்கத் தெரியுமா?

— எங்க வீட்டுல நாலு பொட்டப்பிள்ளைக. அடுப்புக்கு விறகு யாரு பொளந்தான்னு நெனச்சீங்க? நான் கேஸ் அடுப்பைப் பாத்ததே உங்களைக் கட்டின பிறவுதான்.

— ஏட்டி, சபையே பாக்குமே. பொண்டாட்டி விறகு பொளக்கா, புருசன் சும்மா நிக்கான்னு. நான் மூஞ்சியை எங்க கொண்டு போய் வைக்க?

— வெங்காயக் கூடைப் பக்கத்துல வச்சுக்கோங்க. உங்களை வெங்காயம் உரிக்க ஆளுகளோட சேத்து விட்டிருக்கேன். அங்க கண்ணு கலங்கினா ஒருத்தரும் என்னன்னு கேக்க மாட்டாங்க.