எடை குறையாத ஓடுகள்

“பேச்சியம்மாள் சொன்னதை நீங்கள் ஏன் கேட்கவில்லை?” என்று, நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், இந்தப் போலீஸ் நிலையத்தின் சார்ஜன்ட் முதலில் கேட்டார். நடந்ததை மட்டும் சொல்ல முடியும்.

என் பெயர் சத்தியபாமா. வயது நாற்பத்தெட்டு. சென்னையில் பி.ஏ. தேறியவள். பள்ளி ஆசிரியையாக இருந்து விலகி, மூன்று வருடமாகக் கடல் கடந்த இந்த யோங் பெங்கில் என் தமையன் சிவசம்புவின் ஓட்டுச் சூளையை மேற்பார்க்கிறேன்.

1932 டிசம்பர் தொடக்கத்திலிருந்து மழை விடவில்லை. பள்ளிக்கூடக் கூரை பிரிந்து கிடந்ததால் ஓடுகளைச் சீக்கிரம் சுட்டுத் தரும்படி கேட்டிருந்தார்கள். ஓடு காயவைக்கும் கொட்டகையில் பதினைந்து வருடமாக வேலை செய்யும் பேச்சியம்மாள், எட்டாம் தேதி ஓர் ஓட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ஜில்லுன்னு இருக்கு டீச்சரம்மா, உள்ள ஈரம். இப்ப சுட்டா வெடிச்சிரும்” என்றாள். கன்னம் ஓர் அளவுகருவி அல்ல என்று நான் சொன்னேன். அதன் பிறகு நான்கு ஓடுகளை நிறுத்து எடையைக் குறித்தேன். ஒன்பதாம் தேதியும் பத்தாம் தேதியும் நிறுத்தேன். எடை குறையவில்லை. ஆகவே காய்ந்துவிட்டன என்று முடிவு செய்து சூளையில் அடுக்கச் சொன்னேன். காற்றே நனைந்திருக்கும்போது ஓட்டின் ஈரம் வெளியேறாது, எடையும் குறையாது என்பதை நான் யோசிக்கவில்லை. அது நான் வகுப்பில் பலமுறை நடத்திய பாடம்.

பேச்சியம்மாள் அடுக்கினாள். “தராசு சொன்னா சரிதான்” என்றாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

பதினோராம் தேதி காலையில் அவள் கணவர் மணியம் நெருப்பு மூட்டினார். பத்து மணிக்கு உள்ளே ஓடுகள் வெடிக்கத் தொடங்கின. விறகை வெளியே இழுக்கக் குனிந்த அவருடைய இடது கண்ணில் ஒரு சில்லு பாய்ந்தது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு போலீஸ்காரர் வந்தார். பேச்சியம்மாள் ஈர ஓட்டைக் கவனிக்காமல் அடுக்கிவிட்டாள், அவளைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்ப வேண்டும் என்று என் தமையன் சொன்னார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். “அடுக்கியது அவள்தான்” என்றேன். அது பொய் அல்ல. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் எழுதிய தாளில் அவளிடம் கைரேகை வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தமையன், “நீ படிச்ச பிள்ளை, உன்னை இதுக்குள்ள இழுப்பானேன்” என்றார்.

மறுநாள், அதாவது இன்று காலை ஏழு மணிக்கு, பேச்சியம்மாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். முதல் நாள் சேலையையே கட்டியிருந்தாள். கொட்டகையில் மிச்சமிருந்த ஓடுகளைத் திருப்பி வைத்தாள். பிறகு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, “நிறுக்க வேணாம். கன்னத்துல வைங்க” என்றாள்.

வைத்தேன். குளிர்ந்தது. அந்த ஓட்டோடுதான் இங்கு நடந்து வந்தேன். மேசைமேல் இருப்பது அதுவே.

அவள் எச்சரித்தாள். உத்தரவு என்னுடையது. எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். நேற்று நான் விட்டுவைத்ததும் இதில் சேர்ந்திருக்கிறது. யாவும் உண்மை.

(ஒப்பம்) சத்தியபாமா
யோங் பெங், 12.12.1932