ஏற்றி அணைத்த விளக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மாத்தளையிலிருந்து வந்திருக்கும் மாவட்டப் பிரதிநிதி அவர்களே, மழையையும் பாராமல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து இறங்கி வந்திருக்கும் என் மக்களே, வணக்கம்.

தோழர் நல்லம்மா மறைந்துவிட்டார். 'தோழர்' என்றதும் மேடையில் சிலர் நெளிவது தெரிகிறது. நெளியட்டும்! தேயிலை மிலாறுக் குச்சி குத்தி ஒரு கண்ணும், காய்ச்சலில் மறு கண்ணும் போன பிறகு தோட்டம் அவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து வெட்டியது. பெயர் இல்லாதவருக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாதவரிடம் சந்தா இல்லை. சந்தா இல்லாதவரைச் சங்கம் அறியாது. அப்படிப்பட்டவர் எப்படித் தோழர் ஆவார்? சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் கடலுக்கு அப்பால் என்று நம்மைப் பங்கு போட்டுக்கொண்டபோது, நம் சங்கம் விளக்கணைப்புப் போராட்டம் அறிவித்தது. மாலை ஏழு மணிக்கு லயத்து அறைகள், நம் காம்பராக்கள் எல்லாம் இருண்டுவிட வேண்டும். குடியுரிமை கிடைக்கும்வரை தினமும் அணைக்க வேண்டும். முதல் நாள் பிரதிநிதி அவர்கள் லயம் லயமாகப் பார்த்து வந்தார். கூடப் போன நான், நல்லம்மாவின் காம்பராவும் இருட்டாக இருப்பதைக் காட்டினேன்.

"அது கணக்குல வராதுங்க. அந்தம்மாவுக்கு என்னைக்கும் இருட்டுதானே" என்று சிரித்தார்.

கதவுக்குப் பின்னால் நல்லம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பக்கத்துக் காம்பரா புஷ்பவதியிடம் சொல்லி ஒரு மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு வாங்கினார். கண் தெரியாதவர் வீட்டில் விளக்கு! பொழுது சாயும்போதே அதை ஏற்றி வாசலில் வைத்தார். அந்தப் பக்கம் போன செல்லச்சாமி சும்மா இருப்பானா?

"என்ன ஆத்தா, கண்ணு வந்துருச்சா?"

"எனக்கு வரலடா. சங்கத்துக்குத்தான் கண்ணு தெரியலயாம். அதுக்குத் தெரியணும்னுதான் ஏத்தி வச்சிருக்கேன்."

ஏழு மணிக்கு ஊதி அணைத்தார். எரிந்தால்தானே அணைந்தது ஊருக்குத் தெரியும்?

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தலைவர்கள் கொழும்புக்குப் போனார்கள், பேசினார்கள், போராட்டம் முடிந்தது என்றார்கள். லயமெங்கும் விளக்கு எரிந்தது. நல்லம்மா என்னைக் கூப்பிட்டு, குடியுரிமை கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப ஏன் எல்லாரும் ஏத்துறாங்க?"

அந்தக் கேள்வியைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுபோனேன். பதில் இன்னும் வரவில்லை.

அவர் மட்டும் விடவில்லை. காய்ச்சலிலும் இருமலிலும், மாலையானால் ஏற்றுவார். ஏழு மணிக்கு அணைப்பார். கடல் கடந்து அனுப்புவதற்காக மக்களைக் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ரயில் ஏற்றினார்கள். புஷ்பவதியும் போய்விட்டாள். திரி பற்றிக்கொண்டதா என்று சொல்லவும் ஆளில்லை. தோழர் தீக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துச் சூடு பார்த்தார். அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டிய பெண்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் கை எப்படியிருந்தது என்று அவர்களைக் கேளுங்கள்.

இதனால் எந்த அமைச்சரின் தூக்கமாவது கெட்டதா? துரை பங்களாவில் ஒரு ஜன்னலாவது திறந்ததா? இல்லை. பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை. அவர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமலே செத்தார்.

இத்தகைய கூட்டங்களில், விட்ட பணியைத் தொடர்வோம் என்று முடிப்பது முறை. யார் தொடர்வது? பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன. மிச்சமிருப்பவர்களில் பாதிப்பேர் பெட்டி கட்டிவிட்டார்கள். நாம் வெல்வோம் என்று என் வாயால் சொல்லமாட்டேன்.

சற்று முன் தலைவர் வாசித்த அனுதாபத் தீர்மானத்தில், 'முன்னாள் தொழிலாளி, பார்வையற்றவர்' என்றிருக்கிறது. 'போராட்டத்தில் கலந்துகொண்டவர்' என்று இல்லை. தலைவர் அவர்களே, நாடு வாங்கிக் கொடுக்க உங்களால் முடியவில்லை. இந்த ஒரு வரியை எழுத முடியும். எழுதுங்கள். எழுதி, எல்லோர் காதிலும் விழும்படி வாசியுங்கள். அதுவரை இந்த ஒலிவாங்கியை விட்டு நான் நகரப்போவதில்லை.